அப்பாவின் தலையணையில் தேடியது

எங்கள் வீட்டில் கேற் பூட்டியிருக்கிறதா என்று இரண்டாந்தரம் எழுந்து போய்ப் பார்க்கிறவர் மாமி. அடுப்பு அணைந்ததா என்று பார்ப்பதும் அவரே. நான் இந்த விஷயங்களில் மகா அசட்டை. வாசல் கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போய், பின்னேரம் வந்து மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்கள் பல. கொழும்பில் பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் குனிந்து, இருக்கைக்குக் கீழே சொந்தக்காரன் இல்லாத பொதி ஏதும் கிடக்கிறதா என்று பார்த்த காலம் அது. நான் அதைக்கூடப் பார்த்ததில்லை. இருக்க இடம் கிடைத்தால் போதும், கண்ணை மூடிவிடுவேன். ஆனால் அப்பாவின் தலையணையில் நற்கருணை அப்பத்தின் துகள் ஒன்று விழுந்திருக்குமோ என்ற எண்ணம் வந்துவிட்டால், எனக்குச் சோறு இறங்காது.

எதற்குப் பயப்படுவது, எதை விட்டுவிடுவது என்று எனக்கு இருந்த நோய் தானே தெரிவு செய்தது. குண்டு வெடிக்கிற ஊரில் இருந்துகொண்டு அது ஒரு துகளைத் தெரிவு செய்தது. இதைப் பற்றி யோசிக்கும்போது இன்றைக்கும் எனக்குக் கவலையைவிட வியப்புத்தான் அதிகம். என் மண்டைக்குள் குடியிருந்து, வாடகை தராமல், என்னையே அதட்டிய அந்த ஆள் யார் என்று அறிய எனக்கு எப்போதும் ஆசை.

நாங்கள் கொட்டாஞ்சேனையில், துறைமுகப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடொன்றில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்று அதிக காலம் ஆகவில்லை, பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அப்பாவின் தங்கை, பிள்ளைகள் இல்லாத விதவை, எங்களோடு வந்து இருந்தார். மாமி என்று சொல்வது அவரைத்தான். நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். முப்பது தாண்டியும் கலியாணம் ஆகவில்லை. அதைப் பற்றிக் கோயிலடிப் பெண்களுக்கு இருந்த கவலை எனக்கு இருக்கவில்லை.

அப்பா பக்தி என்று வாயால் பேசுகிறவர் அல்ல. ஆனால் வேலை செய்த காலம் முழுவதும், காலைப் பூசை கண்டு நன்மை வாங்கிய பிறகுதான் துறைமுகத்துக்குப் போவார். நற்கருணை வாங்குவதை எங்கள் ஆட்கள் நன்மை வாங்குவது என்பார்கள். படுக்கையில் விழுந்தபின் அவருக்கு அது மாதத்தில் ஒரு தரம்தான் கிடைத்தது. முதல் வெள்ளிக்கிழமைகளில் பங்குச் சுவாமியார் நோயாளிகளின் வீடுகளுக்கு நன்மை கொண்டு போவார். கழுத்தில் தொங்கும் சின்னப் பொன்னிறப் பெட்டிக்குள் அப்பம் இருக்கும். அவருக்கு முன்னால் ஓர் ஆள் மணி அடித்துக்கொண்டு வருவார். அந்த மணிச் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்பதற்கு வெகு நேரம் முன்பே அப்பா தயாராகிவிடுவார். முகம் வழித்திருக்க வேண்டும், வெள்ளைச் சேர்ட் போட்டிருக்க வேண்டும், பவுடர் கொஞ்சம் பூசியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்குப் பொம்பிளை பார்க்கப் போகிற அவசரம் என்று மாமி பகிடி பண்ணுவார். அப்பா கோணிய வாயால் சிரிப்பார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் வெள்ளைத் துணி, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணீர். சுவாமியார் நன்மை கொடுத்த பிறகு அந்தத் தண்ணீரில் விரல்களைக் கழுவுவார். விரலில் ஒட்டிய துகள் கண்ட இடத்தில் விழக் கூடாது. அந்தத் தண்ணீரைக் கால் படாத மண்ணில் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டில் மண் என்று இருந்தது பின் முற்றத்துப் பெயின்ற் வாளி ஒன்றுக்குள் மட்டும்தான். அதில் மாமி கறிவேப்பிலை நட்டிருந்தார். மாதா மாதம் அதற்கு அந்தத் தண்ணீர் கிடைத்தது. மரம் என்னவோ செழித்து வளர்ந்தது. எனக்கோ அந்த இலையைப் பிடுங்கக் கை வரவில்லை. பிடுங்கிக் கறிக்குப் போட்டால் சாப்பிட வாய் வரவில்லை. மாமி கைநிறையப் பிடுங்கிப் பருப்புக்குத் தாளிப்பார்.

"ஆண்டவர் பருப்புக்குள்ள இறங்கினா உனக்கென்ன நட்டம்?" என்பார்.

எங்கள் வேதம் படித்த எவருக்கும் தெரிந்த விஷயந்தான்: பூசையில் சுவாமியார் அர்ச்சித்த அப்பம் கிறிஸ்துவின் உடல், அதன் சிறு துண்டிலும் அவர் முழுதாக இருக்கிறார். இதை நான் சிறு வயதில் பாடமாக்கி, ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் அது அழகான ஒரு நம்பிக்கையாகத்தான் இருந்தது. அப்பா படுத்த பிறகு, அவருடைய கோணிய வாய்க்குள் அந்த மெல்லிய காய்ந்த அப்பம் போவதைப் பார்த்த பிறகுதான், அதற்குள்ளிருந்து சந்தேகம் முளைத்தது. வாய் ஓரத்தால் ஏதாவது உதிர்ந்திருந்தால்? அது தலையணையில் கிடந்து, நாங்கள் தட்டிவிட்டு, குப்பையோடு கூட்டி எறிந்துவிட்டால்?

எனவே சுவாமியார் படியிறங்கியதும் நான் தேடத் தொடங்குவேன். முதலில் தலையணை உறையின் மடிப்புகள். பிறகு அப்பாவின் கழுத்தடி, காதின் பின்புறம், சேர்ட்டின் கொலர். பிறகு அவரை இடது பக்கம் புரட்டி, விரிப்பை உள்ளங்கையால் தடவி, வலது பக்கம் புரட்டி, மற்றப் பாதியைத் தடவி, திரும்பவும் இடது பக்கம். வெள்ளை விரிப்பில் வெள்ளைத் துகள் தெரியாது என்று கடுநீல விரிப்பு வாங்கினேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். நீலத்தில் மெத்தைப் பஞ்சு, நூல் முனை, பவுடர், சாப்பிட்ட பாணின் தூள் எல்லாம் நட்சத்திரம் மாதிரி தெரிந்தன. எது எது என்று பிரிக்க வழியில்லை. ஐயத்துக்கு இடம் வைக்காமல் ஒவ்வொன்றையும் விரல் நுனியில் ஒற்றி எடுத்து நாக்கில் வைத்து விழுங்கினேன்.

"இவள் ஒரு நாளைக்குப் பெட்சீற்றையும் திண்டு முடிக்கப் போறாள்," என்றார் மாமி.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, புரட்டுகிற பக்கம் புரளுவார். கடைசியில், "கண்டனியோ?" என்று கேட்பார்.

"இல்லை அப்பா."

"அப்ப சரி."

அவருக்குச் சரி. எனக்கு அது முடிவாக இருக்கவில்லை. காணவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா, நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று அர்த்தமா? தேடத் தேட சந்தேகம் குறையும் என்று நினைத்தேன். தேடத் தேட அது கொழுத்தது. இதில் என்ன விசித்திரம் என்றால், அலுவலகத்தில் நான் அடித்த கடிதத்தில் பிழை இருக்கிறதா என்று ஒரு தரம் வாசிப்பேன், கையெழுத்துக்கு அனுப்புவேன், மறந்துவிடுவேன். அதே கண், அதே விரல். அங்கே போதும் என்று சொல்லத் தெரிந்த மூளைக்கு இங்கே அந்தச் சொல் வாயில் வரவில்லை.

பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் இதையே சொல்வேன். சுவாமியார் நல்ல மனுஷர், கொஞ்சம் முன்கோபி.

"பிள்ளை, அப்பமாய்க் கண்ணுக்குத் தெரியாதது அப்பமில்லை. திருச்சபை சொல்லுறது அதுதான். போய்ச் சாப்பிட்டிட்டுப் படு."

எனக்கும் அது தெரியும். அதைச் சொல்லிக் கொடுத்தவளே நான். என் சந்தேகம் மட்டும் எந்த வகுப்புக்கும் வருவதில்லை. கோயில் படி இறங்குவதற்குள், எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேனா என்று தொடங்கும். திரும்பிப் போய் வரிசையில் நிற்பேன். ஒரு நாள் எனக்கு முன்னால் நின்ற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "என்ன பிள்ளை, ரெண்டாந்தரமோ? வெளியில போய் நிக்கிறதுக்குள்ள அப்பிடி என்னத்தைச் செய்துபோட்டு வந்தனி?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வரிசையை விட்டு மட்டும் போகவில்லை.

பிறகு ஒரு முதல் வெள்ளி, சுவாமியார் பெட்டியைத் திறந்தபோது அப்பா தலையை அசைத்தார். இடது கையால் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"விழுங்க ஏலாமக் கிடக்கு சுவாமி. ஆசீர்வாதம் மட்டும் தாங்கோ."

சுவாமியார் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்பாவின் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார். எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல, ஆறுதல். இன்றைக்குத் தேட வேண்டியதில்லை! அலுவலகத்துக்கு அரை நாள் லீவு போட்டிருந்தேன். மீதி நேரத்தில் நித்திரை கொண்டேன். அடுத்த மாதமும் அப்பா அப்படியே சொன்னார். அதற்கடுத்த மாதமும். ஆனாலும் ஒவ்வொரு முதல் வெள்ளியும் முகம் வழிக்கச் சொன்னார், வெள்ளைச் சேர்ட் கேட்டார். நான் அதையும் பார்த்தேன். அதிலிருந்து ஒன்றும் விளங்கிக்கொள்ளவில்லை. துகளைத் தேடத் தெரிந்த கண் அது.

நகரத்தில் எங்கோ ஒரு குண்டு வெடித்து, அதன் பிறகு நாளாந்தம் எங்காவது சுற்றிவளைப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு காலை எங்கள் ஒழுங்கைக்கும் வந்தார்கள். ஆண்கள் எல்லோரையும் அடையாள அட்டையோடு தெருவுக்கு வரச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மாமி தேத்தண்ணியை அடுப்பில் விட்டுவிட்டுப் வீட்டிலிருக்கும் தமிழரைப் பதிந்த பொலிஸ் பதிவுத் துண்டைத் தேடினார். அப்பாவால் எழும்ப முடியாது என்று நான் வாசலில் நின்று சிங்களத்தில் சொன்னேன். அப்படியானால் உள்ளே வந்து பார்க்க வேண்டும் என்று இரண்டு இராணுவத்தார் வந்தார்கள். ஒருவர் அலுமாரியைத் திறந்தார். மற்றவர், இளைஞர், அப்பாவின் கட்டிலடிக்கு வந்தார்.

பயத்திலும் என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெடியன் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு, தலையணையை எடுத்து அமுக்கிப் பார்த்தான். அப்பாவின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து இடது பக்கம் புரட்டினான். விரிப்பை உள்ளங்கையால் தடவினான். வலது பக்கம் புரட்டினான், மற்றப் பாதியைத் தடவினான். அது என்னுடைய முறை. ஒழுங்குகூட மாறவில்லை. அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டு, பழக்கப்பட்ட ஆள் மாதிரி, புரட்டுகிற பக்கம் சிரமமில்லாமல் புரண்டார். புரண்டுகொண்டே சொன்னார்:

"மகே துவ மீட்ட வடா ஹொந்தட்ட பலனவா, புத்தா."

என் மகள் இதைவிட நன்றாகப் பார்ப்பாள், மகனே என்று அர்த்தம். பெடியன் சிரித்துவிட்டான். தலையணையைத் திருப்பி வைத்து, அப்பாவை அதில் சாய்த்து, விரிப்பை இழுத்துவிட்டு, "ஹரி, சீயா," என்றான். சரி தாத்தா. போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்படும் சத்தம் கேட்டது.

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெடிகுண்டு தேடி வந்தவனால், ஒரு தரம் தேடி, இல்லை என்று கண்டு, சரி சொல்லிவிட்டுப் போக முடிந்தது. அவன் பிழை விட்டால் ஆட்கள் சாகலாம். அப்படியிருந்தும் அவனுக்கு முடிக்கத் தெரிந்தது. எனக்கு ஏன் தெரியவில்லை? அவ்வளவு பயத்துக்குள்ளும் இந்தக் கேள்வி எனக்கு வந்தது என்பது எனக்கே ஆச்சரியம்.

மாமிக்கு அந்த மாதிரி ஆச்சரியங்களுக்கு நேரமில்லை. பயம் தெளிந்ததும் அவருக்கு வருவது கோபம்.

"ஆமிக்காரனுக்கு மட்டும் உண்மை சொல்லுவியள், என்னண்ணா? இவளுக்கும் சொல்லுங்கோவன். விழுங்க ஏலாதாம்! நேற்றும் நெத்தலிப் பொரியலோட பாணைக் கடிச்சுத் திண்டவர். சுவாமிக்கே பொய்!"

"நீ வாயை மூடு," என்றார் அப்பா.

மாமி மூடினார். அதுவே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மாமி இலேசில் வாய் மூடுகிறவர் அல்ல. நான் கட்டில் ஓரத்தில் குந்தினேன்.

"என்னாலயோ அப்பா?"

அவர் சுவரைப் பார்த்தார். பேச்சு அவருக்கு மெல்லத்தான் வரும்.

"புரட்டுறது எனக்கு நோகேல்லை பிள்ளை. நோகும்தான், அது காரியமில்லை. நீ தேடேக்க உன்ர முகத்தைப் பாக்க ஏலாமக் கிடக்கு." கொஞ்ச நேரம் மூச்சு எடுத்தார். "ஆண்டவர் பொறுப்பார். நீ பொறுக்க மாட்டாய்."

மாதத்தில் ஒரு நாள் அவருக்கு என்று இருந்தது. அதையும் எனக்காக விட்டுக் கொடுத்துவிட்டு, அந்த நாளில் முகமும் வழித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அன்றைக்கு நான் நன்றாக அழுதேன். வெட்கம் இருந்தது. அதைவிட என் தலைக்குள் இருந்த அந்த ஆள் மேல் கோபம் இருந்தது. அதுவரை நான் அவனைப் பக்தி என்று நினைத்து மரியாதையாக நடத்தியிருந்தேன்.

சனிக்கிழமை சுவாமியாரிடம் போனேன். சங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகாமல் நேரே அறைக்கே போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வழக்கம்போல் சினக்கவில்லை.

"பிள்ளை, இது பாவமில்லை, வருத்தம். பாவத்துக்கு என்னட்ட மருந்து இருக்கு. வருத்தத்துக்குப் பொரளையில ஒரு டொக்டரம்மா இருக்கிறா. முந்தியும் ஆக்களை அனுப்பினனான்."

"வேற ஆக்களும் இருக்கினமோ சுவாமி?"

"நீ மட்டும்தான் எண்டு நினைச்சியோ?" என்றார். "அதுவும் ஒரு பெருமைதான்."

டொக்டர் ஒரு சிங்களப் பெண், பௌத்தர், என்னைவிடக் கொஞ்சம் வயது கூட. நான் ஆங்கிலமும் சிங்களமுமாகக் கதையைச் சொன்னேன். பைத்தியம் என்று எழுதி அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பேனையை வைத்துவிட்டு, அந்தத் துகள் எவ்வளவு பெரிது என்று கேட்டார். நகத்தின் நுனியைக் காட்டினேன். எப்போதாவது ஒன்றைக் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தப் பதிலைச் சொன்னபோதுதான் அதை நானே முதல் தரம் கேட்டேன். இவ்வளவு தேடலில் ஒரு தரமும் காணவில்லை!

அந்த நோய்க்கு ஒரு பெயர் இருப்பதாகச் சொன்னார். எண்ணச் சுழற்சி என்று தமிழில் பிற்காலத்தில் வாசித்தேன். அன்று அவர் ஆங்கிலத்தில் ஓசிடி என்றார். அவரிடம் வருகிற ஒருவர் தொழுகைக்குக் கைகால் கழுவத் தொடங்கினால் தொழுகை நேரம் போகும்வரை கழுவுவாராம். இன்னொருவர் விகாரைக்குப் போகும் வழியில் எறும்பை மிதித்தேனோ என்று திரும்பித் திரும்பி நடந்து, விகாரைக்கே போய்ச் சேர மாட்டாராம். நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். என் ஆள் எல்லா மதத்திலும் இருக்கிறான்! போன வீட்டில் எது பெரிதோ அதைப் பார்த்துக் கை வைக்கிறான். அவனுக்கு ஆண்டவர் மேல் ஒரு அக்கறையும் இல்லை என்ற எண்ணம் எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

டொக்டர் மாத்திரையும் தந்தார், வீட்டு வேலையும் தந்தார். மற்றக் கிறிஸ்தவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள் என்றார். அப்படிப் பார்க்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. அடுத்த ஞாயிறு கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து, நன்மை வாங்கித் திரும்பி வருகிறவர்களின் கைகளையே பார்த்தேன். கோயிலுக்கு மெழுகுதிரியாகவே எரிகிற ஓர் அம்மா, அப்பம் வாங்கிய அதே கையால் முக்காட்டைச் சரிசெய்தார். ஒருவர் பிள்ளையின் மூக்கைத் துடைத்தார். ஒரு தகப்பன் காற்சட்டையில் கையைத் துடைத்துவிட்டு முழங்காலில் நின்று, கண்ணீர் வடிய வேண்டினார். அவர்கள் நம்புவதும் நான் நம்புவதும் ஒன்றுதான். அவர்களுடைய நம்பிக்கை கையைக் கட்டிப் போடவில்லை. பூசை முடியும்வரை நான் ஒரு செபமும் சொல்லவில்லை. அவ்வளவு சுவாரசியமாக இருந்தது.

பயத்தில் சின்னதிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் டொக்டர். சின்னது எது என்று யோசித்தேன். கறிவேப்பிலை. பருப்புக் கறியில் இலையை ஒதுக்காமல் சாப்பிட வேண்டும், சாப்பிட்டபின் வேறு சமாதானம் தேடக் கூடாது. மாமிக்குக் கொண்டாட்டம். அன்றைக்குப் பருப்புச் சட்டியில் பருப்பைவிட இலைதான் கூட. நான் மென்று விழுங்கினேன். விரல் கழுவிய தண்ணீரில் வளர்ந்த இலையைத் தின்றேனே என்று பயம் வந்தது. அது ஏறி, உச்சிக்குப் போய், யாரும் ஒன்றும் செய்யாமலே மெல்ல இறங்கியது. அது தானாக இறங்கும் என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு நாளும் அதை இறங்க விட்டதில்லை. அடுத்த நாளும் பருப்பு வைக்கச் சொன்னேன். மாமி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அப்படி மாதங்கள் போயின. சில நாள் முன்னேற்றம், சில நாள் பழைய குருடி. ஓரளவு தைரியம் வந்ததும் அப்பாவிடம் சொன்னேன்.

"வாற முதல் வெள்ளிக்கு வாங்குங்கோ அப்பா. நான் தேட மாட்டன்."

"பாப்பம்," என்றார். அந்த வெள்ளியும் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். என்னை அவர் நம்பவில்லை. அவர் பிழை அல்ல.

அடுத்த முதல் வெள்ளிக்கு முன்னர் அவருக்குப் பாரிசவாதத்தின் இரண்டாவது அடி விழுந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பேச்சு அடியோடு போய்விட்டது. பாண், நெத்தலி எல்லாம் முடிந்த கதை. கஞ்சியைக் கரண்டி கரண்டியாக, தலையைத் தூக்கிப் பிடித்துப் பருக்கினோம். அதிலும் பாதி வெளியே வந்தது. சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. நான் தயாரானபோது அவருடைய தொண்டை தயாராக இல்லை. கடைசி நன்மை இல்லாமலே போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு வந்தது. நோயின் பயத்துக்கும் இந்தப் பயத்துக்கும் வித்தியாசம் அப்போது நன்றாகத் தெரிந்தது. இது என்னைத் தேட வைக்கவில்லை. ஓடிப் போய்ச் சுவாமியாரிடம் சொல்ல வைத்தது.

"அதுக்கென்ன, முழுசாக் குடுக்கத் தேவையில்லை," என்றார் அவர்.

முதல் வெள்ளி காலை அப்பாவுக்கு முகம் வழித்தேன். வெள்ளைச் சேர்ட் போட்டேன். மாமி பவுடர் பூசினார். பகிடி ஒன்றும் சொல்லவில்லை. மணிச் சத்தம் கேட்டது. சுவாமியார் பெட்டியைத் திறந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே குனிந்து, "வாங்குறியளோ?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வெகு நேரம் என்னையே பார்த்துவிட்டுத் தன் தலையை அசைத்தார், ஓம் என்று.

சுவாமியார் அப்பத்தின் ஓரத்தில் ஒரு பொடி கிள்ளினார். நான் டொக்டருக்குக் காட்டிய அதே அளவு, நகத்தின் நுனி. அதைக் கரண்டித் தண்ணீரில் போட்டார். நான் அப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்தேன். கரண்டி வாய்க்குள் போனது. தொண்டை ஒரு தரம் அசைந்தது. வாயின் கோணிய ஓரத்தால் கொஞ்சத் தண்ணீர் வழிந்து தலையணையில் ஊறியது.

செபம் முடிந்து சுவாமியார் அடுத்த வீட்டுக்குப் போனார். மாமி அவரை வழியனுப்ப வாசலுக்குப் போனார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். நீல விரிப்பு, நீல உறை, அதில் ஈரம் ஒரு வட்டமாகத் தெரிந்தது. அதைப் பார், அதைப் பார் என்று மண்டைக்குள் கத்தியது. பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவருடைய இடது கை விரிப்பிலிருந்து எழும்பியது. நெஞ்சைத் தாண்டி, மெல்ல மெல்ல, தலையணைக்கு வந்தது. ஈரமான இடத்தைத் தடவியது. உறையின் மடிப்பைத் தடவியது. காதின் கீழே, கொலர் ஓரம். எனக்காகத் தேடுகிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. தேடி முடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, வெறுங்கையை என் பக்கம் நீட்டிக் காட்டினார். கண்ணால் கேட்டார். திரும்பவும் கையைத் தலையணைக்குக் கொண்டு போனார்.

நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம் அப்பா," என்றேன். "இருந்தா இருக்கட்டும்."